பழுதான பிளாஸ்மா கட்டரை வாங்கிச் சரிசெய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்மா கட்டர் என்பது மின்சாரமும் அழுத்திய காற்றும் கொண்டு உலோகத் தகட்டை வெட்டும் இயந்திரம். பட்டறை மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்கி வந்துவிட்டு, "இப்போது என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் ஒரு வகை. வாங்கும் முன்பே கேட்கும் புத்திசாலிகள் இன்னொரு வகை. இரு தரப்பினரும் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

வெல்டிங் மெஷின் பழுது பார்த்துப் பழகியிருக்கிறேன். பிளாஸ்மா கட்டரும் அதே மாதிரிதானே?

பாதி அதே மாதிரி. இன்வெர்ட்டர் வகை என்றால் உள்ளே வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, அதை ஐஜிபிடி அல்லது மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சுகளைக் கொண்டு வேகமாக நறுக்கி, சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்பி, மறுபடி நேராக்கும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் வெல்டிங் இயந்திரத்தின் முனையில் சும்மா இருக்கும்போது 60 முதல் 80 வோல்ட் இருக்கும். பிளாஸ்மா கட்டரில் அது 250, 300 வோல்ட் என்று போகும். வெல்டிங் கம்பியை வெறுங்கையால் தொட்டுப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

மற்றப் பாதி, கையில் பிடித்து வெட்டும் முனையான டார்ச்சில் இருக்கிறது. அழுத்திய காற்று நாசிலின் சிறு துளை வழியாகப் பாயும்போது மின்வில் (ஆர்க்) அதற்குள் நெரிக்கப்பட்டு, 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான பிளாஸ்மாவாகிறது. அது உலோகத்தை உருக்க, உருகியதைக் காற்று ஊதித் தள்ளுகிறது. நாசிலுக்குள் இருந்து மின்வில்லைக் கிளப்பும் எலெக்ட்ரோடு செம்பால் ஆனது. அதன் நுனியில் மட்டும் ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் சிறு பொட்டு பதிக்கப்பட்டிருக்கும். டங்ஸ்டன் ஏன் கூடாது என்பார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனில் டங்ஸ்டன் மளமளவென்று கரைந்துபோகும், ஹாஃப்னியம் தாக்குப்பிடிக்கும்.

"வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லி விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

அந்த இரண்டு சொற்களுக்குள் எதுவும் அடங்கும். தேய்ந்த நாசிலும் அடங்கும், வெடித்துச் சிதறிய போர்டும் (உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுப் பலகை) அடங்கும். என் அனுபவத்தில், விற்பவர்கள் "போர்டு போய்விட்டது" என்று சொல்லும் இயந்திரங்களில் கணிசமானவற்றில் போர்டு நன்றாகவே இருக்கிறது. டார்ச், அதன் கேபிள், காற்று ஆகிய மூன்றில் ஒன்றில்தான் குறை.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. முதன்முதலில் வாங்கிய இயந்திரத்தின் போர்டைக் கழற்றி, ஒவ்வொரு உறுப்பாக அளந்து, நன்றாக இருந்த நான்கு உறுப்புகளை மாற்றி, கடைசியில் பார்த்தால் டார்ச் கைப்பிடிக்கு அருகே சுவிட்சுக்குப் போகும் கம்பி உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. அன்றிலிருந்து டார்ச்சின் நுனியில் தொடங்கி பின்னோக்கித்தான் வருகிறேன். பிளக்கில் தொடங்கி முன்னோக்கிப் போவதில்லை.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

நான்கு கேள்விகள் போதும். ஆன் செய்தால் விசிறி சுற்றுகிறதா, விளக்கு எரிகிறதா? டார்ச் பொத்தானை அழுத்தினால் காற்று சீறுகிறதா? நுனியில் பொறி வருகிறதா? மின் பிரேக்கர் எப்போதாவது விழுந்ததா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் நோயின் இடம் பாதி தெரிந்துவிடும். "விசிறி சுற்றுகிறது, காற்று வருகிறது, பொறி மட்டும் இல்லை" என்பவர் நல்ல செய்தி சொல்கிறார். "ஆன் செய்தவுடன் டப் என்று சத்தம் வந்தது" என்பவர் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: இதை யாராவது திறந்தார்களா? பதிலை நம்ப வேண்டாம், திருகுகளின் தலையைப் பாருங்கள்.

டார்ச் இல்லாமல் மெஷின் மட்டும் மலிவாகக் கிடைக்கிறது. டார்ச் தனியாக வாங்கிக்கொள்ளலாமா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டார்ச் என்பது துணைப்பொருள் அன்று, இயந்திரத்தின் பாதி. ஒவ்வொரு தயாரிப்பிலும் இணைப்பியின் வடிவமும் உள்ளே உள்ள சிறு கம்பிகளின் வரிசையும் வேறு.

அதைவிடப் பெரிய சிக்கல், பொறி தொடங்கும் முறை. ஒரு வகையில் உயர் அதிர்வெண் கொண்ட பல ஆயிரம் வோல்ட் துடிப்பு நாசிலுக்கும் எலெக்ட்ரோடுக்கும் இடையே பாய்ந்து பொறியை உண்டாக்கும். மற்றொரு வகையில் இரண்டும் முதலில் ஒட்டியிருக்கும், காற்றழுத்தம் அவற்றைப் பிரிக்கும்போது பொறி பிறக்கும். முதல் வகை இயந்திரத்துக்கு இரண்டாம் வகை டார்ச்சை மாட்டினால் துடிப்பு வீணாகும். மாற்றி மாட்டினால் பொறியே வராது. உதிரி நாசில், எலெக்ட்ரோடு இன்னும் விற்பனையில் உள்ள டார்ச்தானா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எதைக் கண்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்?

வெள்ளத்தில் மூழ்கியது. டிரான்ஸ்ஃபார்மர் சுருள் கருகி வார்னிஷ் வாடை அடிப்பது. போர்டின் மேல் கருமையான பசையை ஊற்றி மூடியிருக்க, அதற்குள் ஏதோ வெடித்திருப்பது. எல்லாவற்றையும் விட மோசமானது, முன்பே ஒருவர் கைவைத்துத் தோற்றது: செம்புப் பாதை பிய்ந்த போர்டு, பையில் போட்டுத் தரும் மீதித் திருகுகள், "ஒரு சின்ன வேலைதான் பாக்கி" என்ற வாக்குறுதி. இயற்கையாக வந்த பழுதுக்கு ஒரு காரணம் இருக்கும். மனிதர் சேர்த்த பழுதுக்குக் கணக்கே கிடையாது.

ஆன் ஆகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் டார்ச்சை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை. போர்டா?

முதலில் நாசிலைப் பிடித்திருக்கும் மூடியைக் கழற்றி, உள்ளே எல்லாப் பாகமும் இருக்கின்றனவா என்று பார்த்து, மறுபடி இறுக்குங்கள். பல இயந்திரங்களில் மூடி சரியாக அமரவில்லை என்றால் வேலை செய்யவிடாத ஒரு சிறு உணரி உண்டு. அதன் ஊசிகள் வளைந்திருந்தாலும், உள்ளே காற்றைச் சுழலவைக்கும் வளையத்தைப் போட மறந்திருந்தாலும் இயந்திரம் பிணம்போலக் கிடக்கும்.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் இணைப்பியைக் கழற்றி, சுவிட்சுக்கான இரண்டு ஊசிகளில் மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வையுங்கள். அழுத்தினால் ஒலிக்க வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். ஒலிக்கும்போதே கேபிளைக் கைப்பிடி அருகிலும் இயந்திரத்தின் அருகிலும் வளைத்து ஆட்டுங்கள். விட்டுவிட்டு ஒலித்தால் நோய் அங்கேதான். கேபிள் எப்போதும் வளையும் அந்த இரண்டு இடங்களில்தான் கம்பி அறும்.

இரண்டும் சரி என்றால் காற்றழுத்த சுவிட்ச். அழுத்தம் போதாதபோது இயந்திரம் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளும்.

காற்று நன்றாகச் சீறுகிறது, ஆனால் பொறி வரவில்லை. எங்கே தேடுவது?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரோடுக்கும் நாசிலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒட்டிப் பிரியும் வகை டார்ச்சில் காற்று இல்லாதபோது இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். உயர் அதிர்வெண் வகையில் தொடவே கூடாது. எந்த வகை என்று தெரியாதவர்களுக்கு இதுவே அடையாளம் காட்டும் சோதனையும்கூட. ஒட்டிப் பிரியும் வகையில் நகரும் பாகத்தை விரலால் தள்ளுங்கள். தடையின்றி உள்ளே போய் சுருள்வில்லின் விசையால் திரும்பி வர வேண்டும். கரியும் எண்ணெயும் சேர்ந்து அது சிக்கிக்கொண்டால் காற்று வரும், பொறி வராது.

அதன்பின் பைலட் கம்பி. நாசிலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் தனிக் கம்பி இது. டார்ச் தலையிலிருந்து இயந்திரத்தின் உள்முனை வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று அளக்க வேண்டும். உயர் அதிர்வெண் வகையில், உள்ளே இரண்டு உலோக முனைகளுக்கு இடையே மிகச் சிறிய இடைவெளி வைத்திருப்பார்கள். அங்கே தூசியோ கரியோ சேர்ந்தாலும், தேய்ந்து இடைவெளி கூடினாலும் துடிப்பு பலவீனமாகும். ஓர் எச்சரிக்கை: இந்த வகையில் வெளிமுனையில் மல்டிமீட்டரை மாட்டிக்கொண்டு டார்ச்சை அழுத்தாதீர்கள். மீட்டர் போய்விடும். நான் இரண்டு மீட்டர்களை இப்படித்தான் இழந்தேன். முதல் முறை தெரியாமல், இரண்டாம் முறை மறந்து.

நுனியில் பொறி வருகிறது. தகட்டில் வைத்தால் வெட்டாமல் அணைந்துவிடுகிறது.

எர்த் கிளாம்ப், அதாவது வெட்டும் தகட்டைக் கடித்துப் பிடித்து இயந்திரத்தோடு இணைக்கும் கவ்வி. இதைவிட நீளமான பதில் தேவைப்படுவது அரிது. நுனியில் முதலில் வரும் பைலட் பொறிக்கு நாசிலே போதும், வெட்டுக்குத் தகடு வேண்டும். பெயின்ட் மேலும் துரு மேலும் கிளாம்பைக் கடிக்கவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்பவர்கள் ஏராளம். சுரண்டி, பளிச்சென்று தெரியும் இரும்பில் பிடியுங்கள். கிளாம்பிலிருந்து இயந்திரம் வரை கேபிளின் இரண்டு முனைகளையும் திருகிப் பாருங்கள்.

ஒரு பக்கம் நேராக வெட்டுகிறது, மறுபக்கம் சாய்கிறது. டார்ச் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே காற்று சுழன்றுகொண்டே வெளிவருவதால், நகரும் திசைக்கு ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சற்றுச் சாய்வாகவும் அமைவது இயல்பு. வழக்கமான டார்ச்சுகளில் நகரும் திசைக்கு வலப்பக்கம்தான் நேரானது. ஆகவே வேண்டிய துண்டு வலப்பக்கம் இருக்குமாறு வெட்டுங்கள்.

சாய்வு திடீரென்று கூடினாலோ இரு பக்கமும் கோணலானாலோ நாசிலின் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். வட்டம் முட்டை வடிவமாகியிருக்கும்.

நாசிலும் எலெக்ட்ரோடும் சீக்கிரமே தீர்ந்துபோகின்றன. மெஷினில் கோளாறு இருக்குமோ?

காற்றைச் சந்தேகியுங்கள். கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகிறது. அந்த நீரும் எண்ணெயும் டார்ச்சுக்குள் போனால் எலெக்ட்ரோடின் ஆயுள் பல மடங்கு குறையும். வெள்ளைத் தாளை டார்ச்சின் முன் பிடித்து, மின்வில் இல்லாமல் காற்றை மட்டும் சிறிது நேரம் விட்டால் ஈரம் தெரியும். காற்றை மட்டும் விடும் வசதி இயந்திரத்தில் இல்லை என்றால், டார்ச்சுக்குப் போகும் குழாயைப் பிரித்துச் சோதியுங்கள்.

அழுத்தத்தை அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காற்றழுத்த ரெகுலேட்டர் முள் 6 பார் காட்டும், அழுத்தியவுடன் 3 பாருக்குச் சரியும். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டும் அளவுதான் கணக்கு. சிறிய இயந்திரங்களுக்கு அது சுமார் 4.5 முதல் 5.5 பார் வரை வேண்டும். சரியான எண் இயந்திரத்தின் தகட்டில் இருக்கும். மெல்லிய குழாயும் சிறிய இணைப்பியும் காற்றைத் திணறடிக்கும்.

ஹாஃப்னியம் பொட்டு குழிந்துகொண்டே போகும். குழி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தை எட்டினால் மாற்றிவிட வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்தால் செம்பு உருகி, சில சமயம் டார்ச் தலையையும் சேர்த்துக் கொண்டுபோகும். இன்னொன்று, எலெக்ட்ரோடு தேய்வதில் பொறி தொடங்கும் தடவைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. விட்டுவிட்டு வெட்டுபவருக்குச் சீக்கிரம் தீரும்.

இதெல்லாம் பார்த்தாயிற்று. இனி உள்ளே திறக்கத்தான் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

கடிகாரம் உங்களைக் காப்பாற்றாது, மீட்டர்தான் காப்பாற்றும். 230 வோல்ட் இயந்திரத்தில் பெரிய கெப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் நேர்மின்னழுத்தம் தேங்கி நிற்கும். மூன்று ஃபேஸ் இயந்திரத்தில் அது 550 வோல்ட்டையும் தாண்டும். அதை வடியவைக்கும் மின்தடை ஒன்று பெரும்பாலும் உள்ளே இருக்கும். பழுதான இயந்திரத்தில் அந்த மின்தடையே பழுதாகியிருந்தால்? "ஐந்து நிமிடம் போதும்" என்பது நல்ல இயந்திரத்துக்கான கணக்கு.

உறையைத் திறந்ததும் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளங்கள். மின்னழுத்தம் இருந்தால், காப்பிட்ட கம்பிகள் கொண்ட இழை பல்பு அல்லது தகுந்த வாட் கொண்ட மின்தடை வழியாக வடியுங்கள். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரம் அன்று. திருப்புளியும் உருகும், கண்ணும் போகும். வடித்தபின் மறுபடி அளக்க வேண்டும்.

உள்ளே முழுவதும் கறுப்புத் தூசி. அதுதான் பழுதுக்குக் காரணமா?

காரணமாக இருக்கக்கூடும். கிரைண்டரும் கட்டரும் ஒரே இடத்தில் ஓடினால் விசிறி இரும்புத் தூளை உள்ளே இழுத்துப் போர்டின் மேல் தூவிவிடும். அது மின்சாரத்தைக் கடத்தும். முதலில் படம் எடுத்துக்கொண்டு, பின்னர் உலர்ந்த காற்றால் மெதுவாக ஊதியும் தூரிகையால் துடைத்தும் எடுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆன் செய்தவுடன் பிரேக்கர் விழுகிறது. எந்தப் பாகத்தை மாற்றுவது?

உள்ளீட்டு பிரிட்ஜ் டயோடு, ஐஜிபிடி, கெப்பாசிட்டர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று குறுக்காகியிருக்கிறது (ஷார்ட்). டயோடு சோதனையில் பிரிட்ஜைப் பாருங்கள். பிறகு ஐஜிபிடியின் கேட், எமிட்டர் முனைகளை ஒரு கணம் சேர்த்துவிட்டு கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே அளங்கள். ஒரு திசையில் உள்டயோடின் அளவு, மறுதிசையில் எதுவும் இல்லை என்றால் நல்லது. இரு திசையிலும் பூஜ்யம் என்றால் போய்விட்டது. பல ஐஜிபிடிகள் இணையாக இருந்தால் ஒன்று போனாலும் எல்லாம் போனதாகக் காட்டும். கழற்றித்தான் தனித்தனியே பார்க்க முடியும்.

மாற்றும்போது அந்த வரிசை முழுவதையும் ஒரே தயாரிப்பிலிருந்து மாற்றுங்கள். கேட் மின்தடைகள், ஜீனர் டயோடுகள், கேட்டை இயக்கும் டிரைவர் ஆகியவற்றையும் சோதியுங்கள், ஏனென்றால் ஐஜிபிடி சாகும்போது தனியாகச் சாவதில்லை. அதைக் கொன்றது எது என்று தெரியாமல் புதியதைப் போட்டால், முதல் அழுத்தலிலேயே அதுவும் போகும். வெளியீட்டுப் பக்க டயோடு குறுக்காகியிருக்கலாம், விசிறி நின்றிருக்கலாம், ஜெனரேட்டர் அதிக மின்னழுத்தம் தந்திருக்கலாம். வெளியீட்டு டயோடுகள் அதிவேக வகை. கையில் கிடைத்த சாதாரண டயோடைப் போட்டால் சூடேறி வெடிக்கும்.

மாற்றிவிட்டேன். நேராகப் பிளக்கில் செருகலாமா?

வேண்டாம். 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றை மின் கம்பியில் தொடராக இணைத்து அதன் வழியாக ஆன் செய்யுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. கெப்பாசிட்டர் நிரம்பும்வரை பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பிழைத்தீர்கள். பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் குறுக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் புதிய ஐஜிபிடி தப்பியது. பல்பு வழியாகச் சில இயந்திரங்கள் "மின்னழுத்தம் குறைவு" என்று காட்டி நிற்கும். அது பழுதல்ல. பல்பை வைத்துக்கொண்டு வெட்டிப் பார்க்கவும் கூடாது.

ஐஜிபிடியின் கேட் அலையை, மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்க்கச் சொல்கிறார்கள். கிளிப்பை எங்கே மாட்டுவது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தப்பித்தார், கேட்காமல் மாட்டியவர்களின் கதை வேறு. இயந்திரத்தின் உள்ளீட்டுப் பக்கம் முழுவதும் மின் இணைப்போடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. ஸ்கோப்பின் கிளிப் எர்த்தோடு இணைந்தது. அதை அங்கே மாட்டினால் வெடிக்கும். எர்த்தோடு சேராமல் அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் இல்லை என்றால், பெரிய கெப்பாசிட்டர்களுக்கு மின்சாரம் போகாமல் துண்டித்துவிட்டு, கட்டுப்பாட்டுப் போர்டுக்கு மட்டும் தனியான குறைந்த மின்னழுத்தம் கொடுத்து கேட் துடிப்புகளைப் பாருங்கள். அதுவும் முடியாது என்றால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகை கிடைக்கிறது. அது மேலா?

தூக்க ஆள் இருந்தால் மேல். உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர், கான்டாக்டர் (பெரிய மின்காந்தச் சுவிட்ச்), டயோடுகள், எளிய போர்டு, அவ்வளவுதான். எதையும் கண்ணாலேயே பின்தொடரலாம். டிரான்ஸ்ஃபார்மர் கருகாதவரை அது பிழைத்துக்கொள்ளும். மேலே சொன்ன டார்ச், காற்றுச் சோதனைகள் இதற்கும் அப்படியே பொருந்தும்.

வெட்டுகிறது! ஆனால் சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது.

இயந்திரத்தின் விவரத் தகட்டில் எழுதியிருக்கும் வேலை நேர விழுக்காட்டைப் பாருங்கள். 40 ஆம்பியரில் 60% என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் வெட்டலாம். அதற்குள்ளாகவே நின்றால் விசிறி, வெப்பக் கடத்திப் பசை, வெப்பச் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். நீளமான மெல்லிய நீட்டிப்புக் கம்பியும் ஒரு குற்றவாளி. 40 ஆம்பியரில் மின்வில்லுக்கே ஏறக்குறைய 4 கிலோவாட் போகிறது, வீட்டு விளக்குக்கான கம்பி அதைத் தாங்காது.

மூடி உணரி தொல்லை தருகிறது. இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டேன், அருமையாக ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கண்டுபிடிப்பதற்காக ஒரு நிமிடம் சேர்த்துப் பார்த்தது சரி. அப்படியே விடக் கூடாது. நாசில் மாற்றுவதற்காக மூடியைக் கழற்றியிருக்கும்போது கை தவறிப் பொத்தான் அழுந்தினால், முதல் பதிலில் சொன்ன அந்த 300 வோல்ட் விரலுக்கு அருகிலுள்ள எலெக்ட்ரோடில் வந்து நிற்கும். உணரியை மாற்றுங்கள், அல்லது டார்ச் தலையை மாற்றுங்கள்.

இன்னொருவருக்கு விற்கப் போகிறீர்கள் என்றால், கம்பியைப் பிரித்து உணரியைச் சரிசெய்து, பிளக்கின் எர்த் முனையிலிருந்து உலோக உறை வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று அளந்து, என்னென்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உறைக்குள் ஒட்டிவிட்டுக் கொடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் நீங்களாகவே இருக்கக்கூடும்.